யானைக்கு ஒரு முடிச்சு, ஏறனுக்கு ஒரு முடிச்சு

தென்கரை அரசன் ஓலையைக் கட்டியிருந்த கயிற்றின் நுனியை இரண்டு விரலால் இழுத்தான். முடிச்சு உருவிக்கொண்டு வந்தது. ஓலையைப் படித்தான். சுருட்டி, கொண்டுவந்த சாத்தியிடமே நீட்டினான்.

"ஏறனைத் தர முடியாது. உங்கள் அரசர் அவன் ஊரை எழுதவில்லை. இங்கே ஏறன் என்று நூறு பேர் இருப்பார்கள்."

"அதோ நிற்கிறானே, அவன்தான்," என்றாள் சாத்தி.

ஏறன் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

கேளுங்கள், அவன் யார் என்று சொல்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடகரை நாடு. அங்கே பெரிய ஏரிக்கு அவன் கரையதிகாரி. கல் வைக்க வேண்டிய கரையில் வைக்கோலையும் மண்ணையும் வைத்து மூடினான் என்றார்கள். ஐப்பசி மழையில் கரை உடைந்தது. நாற்பத்தொரு பேர் செத்தார்கள். தண்ணீர் வடிவதற்குள் ஏறன் ஆற்றைக் கடந்திருந்தான்.

சாத்தி கயிறு திரிக்கிறவள். அவளுடைய இரண்டு பெண்களும் அந்த நாற்பத்தொரு பேரில் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் செய்தவன் அடுத்த நாட்டுக்கு ஓடிப்போனால், பறிகொடுத்தவரே தன் அரசனின் ஓலையைச் சுமந்துபோய் அவனைக் கேட்க வேண்டும். மூன்று ஓலை வரை கேட்கலாம். நான்காவது கிடையாது.

சாத்தி மூன்று நாள் நடந்து ஊர் திரும்பினாள். வடகரை அரசன் கண் கலங்கினான்.

"என் மக்களைக் கொன்றவனை விட்டுவிடுவேனா, தாயே?" என்றான். இரண்டாம் ஓலை எழுதச் சொன்னான். சாத்தி அவனைக் கும்பிட்டாள்.

மறுபடியும் மூன்று நாள் நடந்தாள். தென்கரை அரசன் மறுபடியும் இரண்டு விரலால் இழுத்தான். முடிச்சு உருவிக்கொண்டு வந்தது.

"ஊர் இருக்கிறது. அவன் வைக்கோல் வைத்ததைப் பார்த்த சாட்சி எங்கே?"

"பார்த்தவர்கள் ஏரிச் சேற்றில் கிடக்கிறார்கள்."

"அப்படியானால் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வா," என்றார் அமைச்சர். சபை சிரித்தது. ஏறனும் சிரித்தான்.

சாத்தி வாசலை அடைவதற்குள் வடகரையிலிருந்து ஓர் ஓட்டக்காரன் மூச்சிரைக்க வந்தான். அவன் கையிலும் ஓர் ஓலை. அதே அரசனின் முத்திரை. தென்கரை அரசன் கத்தி கேட்டு வாங்கி, கயிற்றை அறுத்தான்.

"அவர்களுடைய பட்டத்து யானை எல்லை தாண்டி வந்துவிட்டதாம். இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போய் விடுங்கள்."

யானையின் ஊர் எது என்று கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை.

அறுந்த கயிறு சாத்தியின் காலடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். கத்தி வைத்தால் ஒழிய பிரியாத முடிச்சு. தான் கொண்டுவந்த இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். இரண்டும் உருவாஞ்சுருக்கு, இழுத்தால் வந்துவிடும். யானை வேண்டும் என்றால் ஒரு முடிச்சு. ஏறன் வேண்டாம் என்றால் இன்னொரு முடிச்சு.

ஊர் திரும்பும் மூன்று நாளும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

வடகரை அரசன் மறுபடியும் கண் கலங்கினான். இந்த முறை சாத்தி கும்பிடவில்லை. மூன்றாம் ஓலையை எழுத்தர் கட்டும்போது அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்களேன். வழியில் அவிழ்ந்துவிடும்."

"கயிறு திரிக்கிறவள் எனக்குச் சொல்லித் தருகிறாயா? அரண்மனைக் கட்டு இப்படித்தான் இருக்கும். எடுத்துக்கொண்டு நட."

ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாத்தி அந்தச் சுருக்கை உருவினாள். 'ஏறனை ஒப்படைக்கவும்' என்று எழுதியிருந்த ஓலையில் ஓர் எழுத்தையோ முத்திரையையோ அவள் தொடவில்லை. அதே கயிற்றால், யானைக்குப் போட்ட முடிச்சைப் போட்டாள். பல்லால் கடித்து இறுக்கினாள்.

தென்கரை அரசன் இரண்டு விரலால் இழுத்தான். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தான். வரவில்லை. அவன் முகம் மாறியது.

"இது உங்கள் அரசர் தந்ததுதானா?"

"ஓலை அவருடையது. முத்திரை அவருடையது. கயிறும் அவருடையதுதான்."

அவன் கத்தியை வாங்கி அறுத்தான். அந்த முடிச்சுக்கு மறுப்புச் சொன்னால் படை வரும்.

"ஏறனைக் கட்டுங்கள்."

ஏறன் வெற்றிலையைத் துப்பினான். "அரசே, பேச்சு இப்படி இல்லையே!"

"உங்கள் அரசர் மனம் மாறிவிட்டார், அப்பா. என்னை ஏன் கேட்கிறாய்?"

நான்கு காவலர்கள் ஏறனை நடத்திக்கொண்டு வந்தார்கள். சாத்தி முன்னால் நடந்தாள். வடகரைக்குள் நுழைந்ததும், ஏரியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அரண்மனை வாசலில் யாராலும் அவர்களைத் தடுக்க முடியவில்லை.

வடகரை அரசன் புதிதாகக் கட்டிய மேடையில் உட்கார்ந்திருந்தான். ஏறனைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"இவனை யார் கொண்டுவரச் சொன்னது?"



"நீங்கள்தான்," என்றாள் சாத்தி. "மூன்று முறை."

ஏறன் அரசனைப் பார்த்தான். அரசன் வேறு பக்கம் பார்த்தான்.

"நான் தனியாகச் சாக மாட்டேன்," என்று கத்தினான் ஏறன். "கரைக்கு வெட்டிய கல் எங்கே போனது என்றுதானே எல்லோரும் கேட்கிறீர்கள்? அவர் காலுக்குக் கீழே பாருங்கள்!"

எல்லோரும் பார்த்தார்கள். சாத்தியும் பார்த்தாள். ஆள் நீளத்துக்கு வெட்டி, வழவழவென்று இழைத்த கருங்கல், வரிசை வரிசையாக.

குற்றவாளியைக் கொடு என்று ஊரறியக் கேட்டுவிட்டு, கொடுக்காதே என்று மறைவில் சைகை காட்டுகிறவனுக்கு அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

அரசனுக்குச் சாமரம் வீசிக்கொண்டிருந்த பெண் மேடையிலிருந்து இறங்கி, மண் தரையில் நின்றுகொண்டாள்.