ஒருவேளை மருந்து

கேளுங்கள், நல்லவர்களே. கடல் இப்போதிருக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்னே, கடல்மங்கலம் என்ற ஊரைச் செம்பியராயன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான்.

கோட்டைக்கு வெளியே உப்பளக் குப்பம் இருந்தது. மழை ஓய்ந்ததும் அங்கே ஆண்டுதோறும் ஒரு காய்ச்சல் வரும். குப்பத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோகும். பிறகு மதிலேறிக் கோட்டைக்குள்ளும் குதிக்கும்.

மன்னன் இரக்கமுள்ளவன். முதல் ஆண்டு குப்பத்துக்குக் கஷாயம் அனுப்பினான்; காய்ச்சல் போகவில்லை. அடுத்த ஆண்டு சூரணம் அனுப்பினான், போகவில்லை. மூன்றாம் ஆண்டு தேன் குழைத்த லேகியமே அனுப்பினான், அப்போதும் போகவில்லை. அதே மருந்தைத் தின்ற கோட்டைவாசிகளோ எழுந்து நடமாடினார்கள்.

குப்பத்தார் மருந்தை விற்றுவிடுகிறார்கள் என்றார் அமைச்சர். அடுத்த மழைக்குள் அவர்களை ஆற்றுக்கு அப்பால் துரத்திவிட வேண்டும் என்றார். மன்னன் அரைமனதாய்த் தலையசைத்தான்.

மருந்து அரைத்த வைத்தியர் ஆதித்தநம்பிக்கு மனம் ஆறவில்லை. தாமே குப்பத்துக்கு நடந்தார். முதல் குடிசையில் உலகம்மை என்ற உப்பளக்காரி, காய்ச்சலில் கிடந்த மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அருகே லேகியச் சட்டி பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

வைத்தியருக்குக் கோபம் வந்தது. மூன்று வேளையும் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார்.

"சாப்பாட்டுக்குப் பிறகு கொடு என்றுதானே ஐயா சொல்லியனுப்பினீர்கள்?" என்றாள் உலகம்மை. "நாங்கள் சாப்பிடுவதே ஒருவேளைதான்."

வைத்தியர் பானையைத் திறந்தார். உள்ளே தண்ணீராய் ஒரு கஞ்சி. அடுத்த குடிசையிலும் அதே கஞ்சி. அதற்கடுத்த குடிசையில் அதுவும் இல்லை.

அவர் நேரே மன்னனிடம் போனார். இனி மருந்து மட்டும் போதாது, களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டார். அது போருக்காகச் சேர்த்த தானியம் என்று அமைச்சர் தடுத்தார்.

"அரசே, ஆண்டுதோறும் நம் பிள்ளைகளைக் கொல்கிறதே, அதைவிடப் பெரிய பகை எது?" என்றார் வைத்தியர். "இந்த முறையும் காய்ச்சல் வென்றால், குப்பத்தாரோடு என்னையும் துரத்திவிடுங்கள்."

மன்னன் களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னான்.

கேழ்வரகும் கொள்ளும் உளுந்தும் குப்பத்துக்குப் போயின. பெண்கள் கூடிப் பொது அடுப்பு மூட்டினார்கள். களியோடு முருங்கைக்கீரையும் பொடிமீனும் வெந்தன. உலகம்மையின் மகள் முதலில் உட்கார்ந்தாள், பிறகு நின்றாள், பிறகு இன்னும் கொஞ்சம் களி கேட்டாள். உடம்பில் வலு ஏறியதும் ஆண்கள் கிணற்றைத் தூர்வாரினார்கள், தேங்கிய சாக்கடையை வெட்டிவிட்டார்கள். செய்யத் தெரியாமல் இல்லை. இத்தனை நாள் மண்வெட்டி தூக்கத் தெம்பில்லை.

மழை வந்தது, ஓய்ந்தது. காய்ச்சலும் வந்தது. சிலர் படுத்தார்கள், மூன்று வேளையும் உண்டு, மூன்று வேளையும் மருந்து குடித்து எழுந்தார்கள். அந்த ஆண்டு ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. காய்ச்சல் மதிலை எட்டவும் இல்லை.

அமைச்சரே முன்னின்று, களஞ்சியத்துக்குக் குப்பத்தைப் பார்த்தபடி இன்னொரு வாசல் வைக்கச் செய்தார்.

ஆகவே நல்லவர்களே, ஏழையின் வயிறு காய்ந்து கிடக்கும்வரை எந்த மருந்தாலும் ஊரின் நோய் தீராது.