தைம் புதருக்குக் கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் வாய்க்கொழுப்பும் இருக்கும் அல்லவா? பிரான்ஸின் தெற்கே, கடலுக்குச் சற்றுத் தள்ளி, கல்லும் வெயிலுமாகக் கிடந்த ஒரு குன்றில் திராட்சைக்கொடி ஒன்று இருந்தது. பழங்கள் கறுப்பாய்ப் பளபளத்தன. வாசனைதான் துளியும் இல்லை.

அதன் காலடியில் ஒரு தைம் புதர், குழம்புக்குக் கிள்ளிப்போடும் வாசனைத் தழை. முழங்கால் உயரம்கூட வராது. ஆனால் அதன் மணம் குன்று முழுக்க வீசும். ஒருநாள் கொடி கூச்சத்தை விட்டுக் கேட்டது.

“உன் வாசனையில கொஞ்சம் எனக்கும் குடேன்.”

“தாராளமா எடுத்துக்கோ. ஆனா நீ போற விருந்துக்கெல்லாம் என்னையும் கூட்டிட்டுப் போகணும்.”

“சத்தியமா!” என்றது கொடி.

அந்த வருடம் தோட்டக்காரன் பெர்தோமியு பிழிந்த சிவப்பு வைன் கமகமவென்று மணத்தது. கடற்கரை ஊரில் ஒரு கல்யாணம்; அங்கே கொண்டுபோகக் குடத்தை நிரப்பினான். அவன் மனைவி ஒனொரின் குடத்தின் கழுத்தில் கட்ட ஒரு கொத்து தைமைக் கிள்ளிவந்தாள். குடத்துக்குள்ளிருந்து கொடியின் குரல் வந்தது.

“கல்யாண வீட்டுக்கு இந்தக் காட்டுப் புல்லோடவா போறது? மானம் போயிடும்!”

ஒனொரின் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கொத்தை வீசிவிட்டாள். நன்றிகெட்ட கொடி!

கல்யாணப் பந்தியில் வேகவைத்த மீன் பரிமாறினார்கள். மீனைத் தின்று வைனைக் குடித்த மாப்பிள்ளைக்கு முகம் கோணிப்போயிற்று. “துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருக்கு!” என்றான். கேக்கோடு குடித்த மாமியாருக்குப் பல் கூசியது. பந்தியே சிரித்தது.

பெர்தோமியு காதெல்லாம் சிவக்க வீடு திரும்பினான். “சோறு தின்னதும் முதல் வேலை, அந்தக் கொடியை வேரோட வெட்டி அடுப்புல வைக்கிறதுதான்” என்று கோடரியை வாசலில் சாய்த்துவைத்தான்.

கொடி நடுநடுங்கிப் போனது. “தைம், நான் செஞ்சது தப்பு. எப்படியாவது காப்பாத்து!”

“இப்பதான் என் பேரே ஞாபகம் வருதா?” என்றது தைம். ஆனாலும் அதற்கு மனசு கேட்கவில்லை. “அந்தம்மா இன்னிக்கு ஆட்டுக்கறிக் குழம்புக்கு என்னைக் கிள்ளப்போறாங்க. நான் பானையில இருப்பேன். நீ குடத்துல இரு. எங்கேயாவது சந்திச்சா பார்ப்போம்.”

மத்தியானம். தைமும் ஆலிவ் காயும் போட்டுக் கொதித்த கறிக்குழம்பைப் பெர்தோமியு தின்று முடித்து எழுந்தான், கோடரியை எடுத்தான்.

ஒனொரினுக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. அவள் கிண்ணத்தின் அடியில் கொழுப்பும் குழம்பும் ஒட்டியிருந்தன. பக்கத்தில் யாருக்கும் வேண்டாத வைன். “கிண்ணத்தையாவது அலசலாம்” என்று வைனை அதில் ஊற்றினாள், ஒரு சுழற்றுச் சுழற்றினாள், கீழே கொட்ட மனமில்லாமல் இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள்.

அவள் கண்கள் விரிந்தன.

“ஏங்க! கோடரியை வச்சிட்டு இங்க வாங்க!”

பெர்தோமியு வேண்டாவெறுப்பாக ஒரு மடக்குக் குடித்தான். ஆட்டுக்கொழுப்பில் வைனின் துவர்ப்பு அடங்கியிருந்தது. வைனில் கொழுப்பின் திகட்டல் கரைந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் தைம் மணத்தது. அவன் மறுபடி உட்கார்ந்து, மறுபடி குழம்பு கேட்டான்.

“அப்ப கொடி?” என்றாள் ஒனொரின்.

“அதுக்கு முட்டுக்கொடுக்க நல்ல கம்பா ஒண்ணு வெட்டத்தான் கோடரி” என்றான் அவன், கூசாமல்.

குன்றில் கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தைமோ வாயை மூடவே இல்லை: “காட்டுப் புல்லுன்னு சொன்னியே!”

அன்று முதல்தான் அந்தத் தெற்கத்திச் சிவப்பு வைன் மீனோடு முறைத்துக்கொண்டு, தைம் போட்ட ஆட்டுக்கறியைக் கண்டால் குழைகிறது. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் குழம்பின் கடைசிச் சொட்டில் வைனை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பதும் அன்று தொடங்கியதுதான். கொடி தன் வாக்கை ஒவ்வொரு கிண்ணத்திலும் இன்னும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது.