தூங்குகிற பெட்டி

நிறையக் கேட்டால் தரும். கொஞ்சமாகக் கேட்டால் தூங்கிவிடும். அது என்ன?

யோசித்துக்கொண்டே வாருங்கள். இதற்கு விடை கதையிலேயே வந்துவிடும். கடினமான கேள்வி அதற்குப் பிறகுதான்.

சென்னையில் கொளத்தூர் பக்கம் வண்ணமீன் வளர்க்கிற வீடுகள் நிறைய உண்டு. ஏகாம்பரத்தின் வீடும் அப்படி ஒன்று. முன்பு அவர் லாரி ஓட்டினார். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார், துணி மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். மகள் தர்ஷிணி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது லாரியை விட்டுவிட்டு, பின்னறையில் தொட்டிகள் வைத்து ஏஞ்சல் மீன் வளர்க்க ஆரம்பித்தார். குஞ்சுகளை விற்பார். தாய் மீன்களை மட்டும் விற்க மாட்டார். அவை போய்விட்டால் தொழிலும் போய்விடும், மறுபடி லாரிதான். இது தர்ஷிணிக்கும் தெரியும்.

புயல் வந்தது. மின்சாரம் நின்றது. தொட்டிகளில் குமிழி விடுகிற ஏர் மோட்டாரும் நின்றது. காற்றில்லாத தண்ணீரில் மீன்கள் கொஞ்ச நேரம் தாங்கும். நாம் ஒரு தூக்கம் போட்டு எழுகிற நேரம் தாங்காது. அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். தெருவெல்லாம் தண்ணீர், மாற்று ஆள் வரவில்லை, அவரால் வீடு திரும்ப முடியவில்லை. அப்பாவும் மகளும் முறை வைத்துக்கொண்டு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். அப்படி ஊற்றினால் தண்ணீரில் காற்று கலக்கும்.

தர்ஷிணியின் முறையில் அவள் தூங்கிப்போனாள். கண் விழித்தபோது அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ வாளியில் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"சில மீனு போயிடுச்சு பாப்பா. குளிரு தாங்கலை போல" என்றார்.

தர்ஷிணி கீழே கிடந்த குவளையை எடுத்து மறுபடி மொள்ளத் தொடங்கினாள்.

அன்று சாயங்காலம் இருவரும் கமாலுதீன் பாய் கடைக்குப் போனார்கள். கல்யாணங்களுக்கு விளக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிற கடை. கையில் தூக்கிப் போகிற பேட்டரிப் பெட்டிகள் இரண்டுதான் அங்கே மிச்சம் இருந்தன. ஒன்று பெரியது, சாம்பல் நிறம். மற்றது சின்னது, ஆரஞ்சு நிறம். பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

"வீட்டுக்கு ஒண்ணுதான் ஏகாம்பரம். எது வேணுமோ எடுத்துக்க."

"பெருசே குடு பாய்."

"அவசரப்படாதே. இன்னாத்துக்கு?"

"ஏர் மோட்டாருக்கு."

பாய் தலையைச் சொறிந்தார். "பெருசு பாட்டுக் கச்சேரிக்கு நல்லா ஓடும். உன் மோட்டார் இழுக்கிறது எறும்பு சாப்பாடு. இவ்ளோதானான்னு இது தூங்கிடும். மணிக்கு ஒரு தரம் நின்னுடும், பட்டனை அமுக்கி அமுக்கி எழுப்பணும். அப்படி எழுப்பிக்கினே இருந்தா நாளான்னிக்கு வரைக்கும் வரும்."

"நாளைக்கு சாயங்காலம் கரண்ட் வந்துடும்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுவரைக்கும் போதும்."

"கூட ஒரு குண்டு பல்பு மாட்டினா தூங்காது. ஆனா பல்பு தின்னுடும். நாளைக்கு மத்தியானத்தோட காலி."

"சின்னது?"

"அது தூங்கவே தூங்காது. விடியிற வரைக்கும் ஓடும், அப்புறம் படுத்துடும்."

ஏகாம்பரம் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். குவளை தூக்கித் தூக்கி அது வீங்கியிருந்தது. இனி கையைத் தூக்க முடியாது.

"போன்ல அலாரம் வச்சிக்க" என்றார் பாய்.

"நேத்தும் வச்சோம். அடிச்சு அடிச்சு அதுதான் ஓஞ்சுது."

"பேசும்போதே உனக்குக் கண்ணு சொக்குது. இதோ பாரு, முன்னாடியே சொல்லிடறேன். சின்னது நின்னா அது பெட்டியோட குத்தம். பெருசு நின்னா தூங்கினவங்க குத்தம். அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வராதே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சீக்கிரம் பாருப்பா, பொண்ணா பாக்க வந்த?" என்றது ஒரு குரல்.

ஏகாம்பரம் பெரிய பெட்டியைப் பார்த்தார். சின்னதைப் பார்த்தார். மறுபடி பெரியதைப் பார்த்தார். அவருக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் மகளின் தோளில் கை வைத்தார்.

"நீயே சொல்லு பாப்பா. நேத்து ராத்திரி நீயும்தானே எங்கூட முழிச்ச."

முதல் புதிருக்கு விடை உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது இரண்டாவது: தர்ஷிணி எந்தப் பெட்டியைக் காட்டியிருக்க வேண்டும்?

விடை: பெரிய பெட்டியை. இரவில் குண்டு பல்பை மாட்டிவிட்டு இருவரும் தூங்கலாம், பெட்டியும் தூங்காது. விடிந்ததும் பல்பைக் கழற்றிவிட வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் பகலில் மணிக்கு ஒருமுறை பட்டனை அமுக்குவது பெரிய காரியமல்ல. பல்பு இல்லாததால் மிச்சமிருக்கிற மின்சாரம் சாயங்காலம்வரை தாங்கும். பாய் சொன்ன இரண்டையும் சேர்த்து யோசித்தவர்கள் இதைக் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்தக் கடையில் அன்று யாரும் அப்படிச் சேர்த்து யோசிக்கவில்லை. நின்றால் பெட்டியின் குற்றம் என்று பாய் சொன்ன சின்னப் பெட்டியைத்தான் தர்ஷிணி காட்டினாள்.