முயல் பெருக்காமல் விட்டது

மருதங்காட்டு ஏரிக்கரையில் ஒரு கீரி இருந்தது. அதன் பெயர் மாசானம். அதனிடம் ஒரு கணினி இருந்தது. அந்தக் காட்டில் கணினி இல்லாத பிராணியே கிடையாது, அதனால் இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதை வைத்து நீ என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் மாசானத்துக்குப் பதில் தெரிந்திருக்காது. அது கணினியைத் துடைத்தது. பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தது. மூடியது. மறுநாள் மறுபடியும் திறந்தது.

மாசானம் மட்டும் இல்லை, இப்படி இன்னும் சிலர் இருந்தார்கள். சனிக்கிழமை பிற்பகலில் எல்லாரும் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அதற்கு மேசை பார்க்கப் போவது என்று பெயர். பெண் பார்க்கப் போவது போலத்தான். கூட்டமாகப் போவார்கள், கொடுத்ததைத் தின்பார்கள், வாசலைத் தாண்டியதும் குறை சொல்வார்கள்.

மயில் சொக்கலிங்கத்தின் மேசையில் எங்கு பார்த்தாலும் விளக்கு. கீபோர்டும் ஃபேனும் நீலமும் பச்சையுமாக மின்னும். மேசையில் விளக்கு இல்லாவிட்டால் அது கணினியா, சவப்பெட்டியா என்று மயில் கேட்கும். மரங்கொத்தி தைலப்பனுக்கு விளக்கெல்லாம் பொருட்டே இல்லை. சத்தம் வராத கீபோர்டு கீபோர்டே அல்ல என்பது அதன் கொள்கை. அது ஒரு வரி தட்டினால் ஏரியின் அக்கரையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மாசானத்தின் பெருமை வேறு. அதன் மேசையில் ஒரு வயர்கூடக் கண்ணில் படாது. எல்லாவற்றையும் பெட்டிக்குப் பின்னால் இழுத்து, இறுக்கி, வாழைநாரால் கட்டியிருந்தது. அதைவிடப் பெரிய பெருமை குளிர்ச்சி. கணினி சூடேறினால் வேகம் குறையும். அதற்காகவே கரையின் மேல்பாதியில் இருந்த பழைய வளையை விட்டுவிட்டு, தண்ணீரை ஒட்டிய கீழ்வளைக்குக் குடும்பத்தோடு இறங்கி வந்திருந்தது. அங்கே மண் ஜில்லென்று இருக்கும்.

"பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும்" என்றது அதன் மனைவி செண்பகம்.

"ஒன்பது புள்ளி கூடியிருக்கு" என்றது மாசானம்.

மூன்று குட்டிகளும் கணினிப் பெட்டியின் பின்புறம், ஃபேன் வெளியே விடும் வெதுவெதுப்பில் படுத்துக்கொள்ளப் பழகின.

புள்ளி என்றால் ஓட்டச் சோதனையின் புள்ளி. மேசை பார்த்து முடித்ததும் கணினிக்கு ஒரு பெரிய கணக்கைக் கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் போடுகிறதோ அவ்வளவு புள்ளி. அதற்கு முன்னால் பெருக்க வேண்டும். உள்ளே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன வேலைகளையெல்லாம் நிறுத்திவிடுவதற்குத்தான் பெருக்குவது என்று பெயர். மாசானம் பெருக்குவதில் கெட்டி. பெயர் தெரியாத ஐந்தாறு வேலைகளை அது பல மாதங்களுக்கு முன்பே ஒரேயடியாகத் தள்ளிவிட்டிருந்தது. அதன் புள்ளி தொள்ளாயிரத்து ஐந்து. அதைத் தாண்டியவர் யாரும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை முயல் வடிவின் முறை. வடிவு அந்தக் கூட்டத்துக்குப் புதிது. அதன் வீடு கரையின் உச்சியில், காரைப்புதரின் அடியில் இருந்தது. மேசை என்பது ஒரு வெட்டுமரத் தூர். திரையின் ஓரத்தில் பிளாஸ்திரி. கீபோர்டில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொக்கை.

மயில் அதையெல்லாம் சுற்றிப் பார்த்தது. கட்டின வீட்டுக்குக் குறை சொல்லக் கூடாது என்று தொடங்கி, பிறகு வரிசையாகச் சொன்னது. மரங்கொத்தி கீபோர்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இது தட்டுகிறதா தடவுகிறதா என்று கேட்டது. சோதனை வைத்தார்கள். எழுநூற்றுத் தொண்ணூறு.

"வேகமெல்லாம் உன் காலோட நின்னுபோச்சு வடிவு" என்றது மயில்.

வடிவு ஒரு காதை மட்டும் மடக்கிக்கொண்டு, எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் அறுகம்புல் வைத்தது. தின்றுவிட்டு மயிலும் மரங்கொத்தியும் கிளம்பினார்கள்.

மாசானம் கிளம்பவில்லை. அதற்கு ஒன்று உறுத்தியது. பெட்டியைத் தொட்டபோதே தகடு நல்ல கனமாக இருந்ததைக் கவனித்திருந்தது. இவ்வளவு கனத்த தகட்டைப் போட்டவர்கள் உள்ளே மட்டமான சரக்கை வைத்திருப்பார்களா? திறந்து பார்க்கலாமா என்று கேட்டது. வடிவு தயங்கித் தலையசைத்தது.

மாசானம் மூக்கை உள்ளே விட்டது. பிராசஸர் தன்னுடையது போலவேதான். ரேமும் அதேதான். ஃபேனில் ஒரு தூசி இல்லை. வயர்கள் கட்டப்படாமல் கிடந்தனவே தவிர, ஒவ்வொன்றும் உறுதியாகச் செருகப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட கணினியில் நூற்றுப் பதினைந்து புள்ளி எங்கே போயிற்று? அதற்கு வால்மயிர் சிலிர்த்தது. புற்றுக்குள் ஏதோ அசைவதைக் கேட்டால் சிலிர்ப்பதுபோல.

"நீ பெருக்கினியா இல்லையா?"

"பெருக்கினேன் மாசானண்ணே. ஒண்ணைத் தவிர."

"எதை?"

"மதகுக்காவலை."

அப்படி ஒன்று இருந்தது மாசானத்துக்கு மங்கலாகத்தான் நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஏரி பொங்கியபோது, ஒரு நாரை மதகுக்கு எதிரே இருந்த மரத்தில் ஒரு கேமராக் கண்ணைக் கட்டி, அது பார்ப்பதை எல்லாருடைய கணினிக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தது. தண்ணீர் மதகின் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று அந்த வேலை ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். ஒன்பதாம் படியைத் தொட்டால் கணினி கத்தும். பிறகு நாரை வேறு ஏரிக்குப் போய்விட்டது. ஏரியும் பொங்கவில்லை.

"இன்னுமா அதை ஓடவிட்டிருக்கே?"

"நான் முயல்தானே. ஏதாவது ஒண்ணு காது கொடுத்துக் கேட்டுக்கிட்டிருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

மாசானம் சிரித்தது. வெளியே பார்த்தது. ஏரிக்கரையில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. ஒரு தூறலும் இல்லை. இரண்டே நிமிடம், புள்ளி எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுவிடலாம் என்று வடிவிடம் சொன்னது. தொள்ளாயிரத்தைத் தொட்டால் மயிலின் வாய் அடைபடும் என்றும் சொன்னது. வடிவுக்கு அந்தக் கடைசிப் பேச்சு பிடித்திருந்தது. அதுவும் காது மடக்கியே எத்தனை நாள்தான் இருக்கும்.

காவலை நிறுத்தினார்கள். சோதனை ஓடியது.

தொள்ளாயிரத்து எட்டு.

வடிவு துள்ளி உட்கார்ந்தது. மாசானம் துள்ளவில்லை. தன்னுடையதைவிட மூன்று அதிகம். ஒரே பிராசஸர், ஒரே ரேம். கீழ்வளையின் குளிர்ச்சிகூட இங்கே இல்லை. அந்த மூன்று எங்கிருந்து வந்தது? இன்னொரு தடவை ஓட்டியது. ஃபேனைத் திருப்பி வைத்து ஓட்டியது. பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டியது. வெயில் வாசலிலிருந்து மேசைத் தூருக்கு நகர்ந்து வந்துவிட்டது.

வடிவின் இரண்டு காதும் நிமிர்ந்திருந்தன. "போதும்ணே. என் காவலைப் போட்டுக் கொடுங்க."

"ஒரே ஒரு தடவை."

"இல்லண்ணே, போடுங்க."

மாசானம் அரை மனதாகப் போட்டது. போட்டதும் இன்னொரு எண்ணம். நூற்றுப் பதினெட்டுப் புள்ளியைத் தின்கிற வேலை அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறது? அதையும் பார்த்துவிடலாமே என்று படத்தைத் திறந்தது.

மதகின் படிகள் தெரிந்தன. தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. மாசானம் படிகளை எண்ண ஆரம்பிப்பதற்குள் கணினி கத்தியது.

"மழையே பெய்யலையே" என்றது மாசானம்.

"இங்கே பெய்யலை" என்றது வடிவு. "மேற்கே மலையைப் பார்த்தீங்களா?"

மாசானம் மலையைப் பார்க்கவில்லை. படத்தின் இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே கரையின் அடியில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. சிவந்த தண்ணீர் அதற்கு ஒரு சாண் கீழே நின்றது. அது ஒரு வளையின் வாய். அதன் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த வாழைநார்க் கட்டு மாசானமே கட்டியது.

மாசானம் கரையிறங்கி ஓடியபோது தண்ணீர் வளைக்குள் நுழைந்திருந்தது. செண்பகம் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு எதிரே வந்தது. மாசானம் உள்ளே பாய்ந்து இரண்டாவதைத் தூக்கி, முதலாவதைக் கரையில் விட்டுத் திரும்பிய அதனிடம் எறியாத குறையாகக் கொடுத்தது. மூன்றாவதைக் காணவில்லை. பெட்டிக்குப் பின்னாலிருந்து முனகல் கேட்டது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அந்த வயர்க்கட்டு வேலி போல நின்றது. அதற்கு அப்பால் குட்டி. பெட்டியை நகர்த்த முடியவில்லை, கட்டு விடவில்லை. அவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தது.

தண்ணீர் மார்புக்கு வந்தது. மாசானம் பாம்பைக் கடிப்பதுபோல அந்தக் கட்டைக் கடித்தது. பொறி தெறித்தது. உதடு சுட்டது. விளக்குகள் எல்லாம் அணைந்தன. இருட்டில் ஒரு ஈரக் கழுத்து அதன் வாய்க்குள் அகப்பட்டது.

கரையின் உச்சியில், காரைப்புதரின் அடியில், மூன்று குட்டிகளும் தும்மின. செண்பகம் ஒவ்வொன்றாக நக்கித் துவட்டியது. தண்ணீர் பன்னிரண்டாம் படிவரை ஏறிவிட்டு நின்றது.

பத்து நாள் வெயிலில் காய வைத்ததில் மாசானத்தின் கணினி பாதி பிழைத்தது. அதைப் பழைய மேல்வளையில் வைத்தார்கள். அடுத்துவந்த சனிக்கிழமை மேசை பார்க்க எல்லாரும் அங்கேதான் வந்தார்கள். வயர்கள் கண்டபடி தொங்கின. பெட்டி சூடாக இருந்தது. சோதனையில் எழுநூற்று நாற்பது வந்தது.

"என்ன மாசானம், முயலுக்கும் கீழே போயிட்டே" என்றது மயில். "பெருக்கலையா?"

"பெருக்கினேன். ஒண்ணைத் தவிர."

மயில் அது எது என்று கேட்டது. மாசானம் மதகின் படத்தைத் திறந்து காட்டியது. மயிலும் மரங்கொத்தியும் வெகுநேரம் குனிந்து பார்த்தார்கள். அன்று குறை சொல்ல யாரும் வாசலில் நிற்கவில்லை. இரண்டு பேரும் நேரே அவரவர் வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்தார்கள்.

வேகம் வேண்டி ஒரு வேலையை நிறுத்துமுன், அது யாருக்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுக்கொள்வதே அறிவு.