பத்தடி தள்ளி ஓர் ஆட்டம்

தூத்துக்குடியில் மைக் செட் போடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில் எதையும் யோசித்துச் செய்கிறவர்கள் தங்கப்பழம், மூக்காண்டி, சூசை என்கிற மூன்று பேர்தான். அதனால் அவர்களுக்கு வேலை அதிகம் வருவதில்லை.

தங்கப்பழத்தின் மச்சான் செல்வின் கப்பலில் வேலை பார்க்கிறவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு இருந்த ஒரே கேசட் பேஸ்பால்.

“கிரிக்கெட்டுக்கு இது சித்தப்பா முறை, மாப்ள. அடுத்த லீவுக்கு வரும்போது என்கூட ஒரு ஆட்டம் ஆடணும். ஜெயிச்சா பெட்டி உனக்கு. தோத்தா தூக்கிட்டுப் போயிருவேன். ஒண்ணே ஒண்ணு, டிவியிலேருந்து பத்தடி தள்ளி உட்காரணும். இல்லேன்னா கண்ணு கெட்டுப்போயிரும்.”

தங்கப்பழத்துக்கு அந்தப் பெட்டியை விட மனசில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமனார் வீட்டிலிருந்து வந்த முதல் பொருள் அது.

செல்வின் கப்பலேறிய அன்றே டேப் வைத்து அளந்தார்கள். முன்னறை எட்டடிதான். பத்தாவது அடி தெருச் சாக்கடைக்கு மேல் வந்தது. அதன்மேல் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். பெட்டியோடு வந்த ரிமோட்டின் ஒயர் பாதி அறையைத் தாண்டவில்லை.

“டிவியை வாசலுக்குத் தள்ளினா என்ன?” என்றான் சூசை.

“அப்பவும் அதுலேருந்து பத்தடி தள்ளணும்லா. எதிர்வீட்டு அடுப்படிக்குள்ள போயிருவோம்,” என்றான் மூக்காண்டி.

தங்கப்பழம் ஒயரைத் தடவிப் பார்த்தான். ஒயர் விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான்.

“பேங்குல பேனாவை நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கான்லா? அதே கதைதான். எவனும் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு கட்டியிருக்கு.”

“இங்க யாருல தூக்கப் போறா?” என்றான் மூக்காண்டி.

“அதான் சொல்லுதேன்,” என்று தங்கப்பழம் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கினான்.

அந்தக் காலத்துப் பெட்டிகள், யாரும் தொடாமல் விட்டால், மாதிரி ஆட்டம் ஒன்றைத் தாமாகவே ஆடிக் காட்டும். இதுவும் காட்டியது. மூன்றாவது பந்தைச் சிவப்புச் சட்டைக்காரன் சுவருக்கு வெளியே தூக்கி அடித்தான். தங்கப்பழம் அப்போதுதான் பட்டனை அமுக்கியிருந்தான்.

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. எத்தனை தடவை ஆடினாலும் மூன்றாவது பந்து சுவருக்கு வெளியேதான். ஒருநாள் தங்கப்பழம் ஒன்றுக்குப் போயிருந்தபோதும் போனது.

“நீ இல்லாமலே அடிச்சிட்டாம்ல,” என்றான் மூக்காண்டி, கவலையாக.

தங்கப்பழம் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“எத்தனை நாளைக்கு நான் கூடவே நிக்க முடியும்? பையனைப் பழக்கி விட்டாச்சு.”

சூசைக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்வின் லீவில் வந்தார். சாக்கடை மேல் உட்கார்ந்திருந்த மூவரையும், தங்கப்பழத்தின் கையிலிருந்து தொங்கிய ஒயரையும் பார்த்தார். உள்ளே கூட்டிப் போய் ஒயரைப் பெட்டியில் சொருகினார்.

ஆட்டம் தொடங்கியது. செல்வின் பந்தை எறிந்தார். தங்கப்பழம் பட்டனில் விரலே வைக்கவில்லை. பழக்கிவிட்ட பையன். மூன்றாவது பந்தும் வந்து போயிற்று. சிவப்புச் சட்டைக்காரன் மட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.

“மாமா பக்கத்துல இருக்காருல்லா, வெக்கப்படுதான்,” என்று காதில் சொன்னான் சூசை.

பையனுக்கு வெட்கம் கடைசிவரை தெளியவில்லை. தங்கப்பழம் தோற்றான்.

“மச்சான், கட்டிப் போட்டா எவன் ஆடுவான்? அவுத்து விட்டுட்டு இன்னொரு ஆட்டம் போடுவோம்,” என்று கெஞ்சினான்.

செல்வின் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ரிமோட்டை மட்டும் உருவி மாப்பிள்ளை கையில் வைத்தார்.

“உனக்குப் பெட்டி எதுக்கு மாப்ள? இது ஒண்ணு போதும்.”

அவர் போன பிறகு மூவரும் அதை ஆலோசித்தார்கள். நாலு தேசம் பார்த்த மனுஷன், சும்மா சொல்ல மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் இந்தியா ஆடும் கிரிக்கெட். மூவரும் பத்தாவது அடியில் போய் உட்கார்ந்தார்கள். தங்கப்பழம் அமுக்கினான், நாலு. அமுக்கினான், ஆறு. மூக்காண்டி பலகையில் தாளம் போட்டான். அடுத்த பந்தில் ஸ்டம்பு பறந்தது.

தெருவே அடங்கிப்போனது. எதிர்வீட்டு டிவி முன்னாலிருந்து டேவிட் அண்ணாச்சியின் குரல் மட்டும் கேட்டது.

“இப்படியால ஆடுவான் ஒருத்தன்! மூதேவி!”

தங்கப்பழம் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டான்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. விரல் வழுக்கிட்டு.”