டயருக்கு வாங்கிய எலுமிச்சம்பழம்

தென்காசிப் பக்கம் ஒரு சிறிய மடம். அங்கிருந்த சாமிக்கு வயது நாற்பதுகூட இருக்காது. அவருடைய சீடர் சங்கரநாராயணன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சாமியைவிட இருபது வயது மூத்தவர். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் யார் காலில் யார் விழுவது என்று குழப்பம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சங்கரநாராயணன் மனைவி கோமதியோடு மடத்துக்கு வந்தார். கோமதி பட்டுச்சேலை கட்டியிருந்தார். சங்கரநாராயணன் கையில் கனமாக ஒரு கட்டைப்பை.

"சாமி, கார் வாங்கப் போறோம். பழைய கார்தான். திருநெல்வேலியில ஒரு கடையில பாத்து வச்சிருக்கேன். நல்ல விலைக்கு முடியணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க."

ஆடம்பரத்துக்குக் கேட்ட கார் அல்ல அது. கோமதிக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பிசியோதெரபிக்கு வாராவாரம் பஸ்ஸில் போய்வர வேண்டும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க சங்கரநாராயணனுக்குத் தாங்கவில்லை. எத்தனையோ கார்களில் ஏறி இறங்கிப் பார்த்து, கடைசியில் ஒரு வெள்ளைக் காரில்தான் கோமதியால் வலியில்லாமல் உட்கார முடிந்தது. சிகிச்சைக்கு ஒதுக்கியது போக மீதியிருந்த பணம் அந்தக் காருக்குச் சரியாக இருக்கும். விலை கொஞ்சம் கூடினாலும் சிகிச்சைப் பணத்தில்தான் கை வைக்கவேண்டும்.

சாமி பையைப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"மாலை, தேங்காய், சூடம், டயருக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம். கடை வாசல்லயே பூஜை போட்டு எடுத்துட்டு வந்துரலாம்னு. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிரும் சாமி. அதுக்குள்ள முடிக்கணும்."

"இது கடைக்காரங்களுக்குத் தெரியுமா?"

"நேத்தே போன்ல சொல்லிட்டேன். வண்டியைக் கழுவித் தயாரா வைக்கணும்லா."

"விலை பேசியாச்சா?"

"அங்க போய்த்தான் பேசணும்."

சாமி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மாலையை மடத்துப் பிள்ளையாருக்குப் போட்டு, சூடத்தை அங்கேயே கொளுத்தினார். தேங்காயைச் சமையல்கட்டில் கொடுத்துச் சட்னி அரைக்கச் சொன்னார். பிறகு எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக நறுக்கி, ஒரு பெரிய சொம்பில் பிழிய ஆரம்பித்தார்.

சங்கரநாராயணன் பதறிப்போனார்.

"சாமி, அது காருக்கு வாங்கினது!"

"கார் எங்க?"

ஜூஸ் வந்தது. இட்லி வந்தது. "இன்னும் ஒண்ணு வைங்க" என்று சாமி பக்கத்திலேயே நின்றுகொண்டார். பஸ் போன சத்தம் கேட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. கோமதிக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

கிளம்பும்போது பை காலி. திருநெல்வேலியில் போய் இறங்கியபோது நல்ல ராகு காலம்.

கடையின் சேல்ஸ்மேன் வாசலிலேயே தவித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார், நல்ல நேரம் போயிருச்சே! சரி, விடுங்க. மாலை, தேங்காயெல்லாம் கொண்டாந்திருக்கீங்கல்லா?"

"மாலை பிள்ளையார் கழுத்துல இருக்கு. தேங்காயைச் சாப்பிட்டாச்சு."

"எலுமிச்சம்பழம்?"

"குடிச்சாச்சு."

சேல்ஸ்மேன் விலைக்கு வந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த விலை ஒன்று. பாலிஷ் போட்டது, பேர் மாற்றுவது, ஆபீஸ் செலவு என்று மேலே ஏற்றிச் சொன்னது வேறொன்று.

"என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு" என்று சங்கரநாராயணன் தன் தொகையைச் சொன்னார்.

"கட்டாது சார். சாயங்காலம் வேற பார்ட்டி வாராங்க. அம்மாவுக்கும் இந்த வண்டிதானே பிடிச்சிருக்கு?"

சங்கரநாராயணன் வெள்ளைக் காரைப் பார்த்தார். காலையில் இருந்த மனசாக இருந்தால் அந்த இடத்தில் தலையாட்டியிருப்பார். பையில் மாலை வாடிக்கொண்டிருக்கும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது வாடுவதற்கும் ஒன்றுமில்லை, ஓடுவதற்கும் ஒன்றுமில்லை. ராகு காலத்தில் பணத்தை எடுத்துக் கொடுக்க அவருக்கே கை வராது.

"அப்ப நாங்க வாரோம்" என்று எழுந்தார்.

வாசல் படி உயரமாக இருந்தது. கோமதியின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்குவதிலேயே அவர் கவனம் முழுதும் இருந்தது. இறங்கி ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே நின்றபோதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

"உனக்குன்னு ஒரு வண்டி அமைஞ்சது. அதையும் விட்டுட்டேன்."

"விடுங்க. பஸ்ஸு என்னை என்ன தின்னுரவா போகுது?"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். முதல் வேகத்தடையில் கோமதி கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடினார். சங்கரநாராயணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது போன் அடித்தது.

"சாருங்களா? கடை முதலாளி பேசுதேன். நீங்க படியிறங்கிப் போனதை உள்ளருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க சொன்ன தொகைக்கே எடுத்துக்கிடுங்க. மேல ஒண்ணும் வேண்டாம். பேரையும் நாங்களே மாத்தித் தாரோம்."

அவர் முகத்தைப் பார்த்தே கோமதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண்டக்டர் திட்டத் திட்ட அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டர் வந்து "நல்லா இருக்காங்க" என்று சொன்ன அன்றைக்குப் பிறகு, சங்கரநாராயணன் இப்படி மூச்சு விட்டதில்லை.

மாலையில் வெள்ளைக் கார் மடத்து வாசலில் வந்து நின்றது. வழியெல்லாம் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டு வருவதாக இருந்த கோமதி, பாதியிலேயே தூங்கிப்போயிருந்தார். சாமி மடத்து மரத்தில் பறித்த எலுமிச்சம்பழங்களோடு வெளியே வந்தார். குனிந்து ஒவ்வொரு டயருக்கு அடியிலும் வைத்தார்.

"சாமி, கோவிச்சுக்கிடாதீங்க, ஒண்ணு கேக்கேன்" என்றார் சங்கரநாராயணன், கடையில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு. "எந்திரிச்சு வந்தா கூப்பிடுவாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? பஸ் நிறுத்தத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"கூப்பிடுவாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சாமி கடைசிப் பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கூப்பிடுவாங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தா, படியில நின்னு திரும்பிப் பாத்திருப்பீங்க."