மஞ்சள் கொன்றையும் இரண்டு ஓரகத்திகளும்

காட்டோரத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு யார் மேலும் கோபப்பட்டுவிடாதீர்கள், கடைசிவரை கேளுங்கள்.

கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஒரு லைன் குடியிருப்பு. அதற்குப் பின்னாலிருந்த காடு முழுக்க மஞ்சள் கொன்றை. அழகுக்காக எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த மரம். பூத்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் அதன் அடியில் ஒரு பிடி புல்கூட முளைக்காது. புல் இல்லாததால் யானைகள் வீடு தேடி வந்தன. ஜெசிந்தாவின் அடுப்படிச் சுவரை ஒரு யானை ஏற்கெனவே தள்ளிவிட்டிருந்தது. கைக்குழந்தை அன்சியை வைத்துக்கொண்டு, செங்கல் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டிப் படுத்திருந்தாள் அவள்.

யானை தாண்டாதபடி வெட்டிய அகழிக்கு உள்ளே, வனத்துறையின் நாற்றங்கால் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டும்; இருக்க ஓர் அறை வீடும் உண்டு. வேலையைக் கேட்டவர்கள் இரண்டே பேர்: ஜெசிந்தாவும், அவள் கணவனின் அண்ணன் மனைவி எமல்டாவும். வனவர் சத்தியசீலன் இருவருக்கும் ஆளுக்கொரு துண்டு காடு பிரித்துக் கொடுத்தார். எமல்டாவுக்கு லைன் வீடுகளின் கொல்லையை ஒட்டிய துண்டு, ஜெசிந்தாவுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம்.

"அடுத்த வருஷம் மழை விட்டதும் வருவேன். யார் துண்டில் மஞ்சள் கொன்றை செத்திருக்கிறதோ, அவர்களுக்குச் சாவி" என்றார். எப்படிச் சாகடிப்பது என்பதை மறுநாள் காட்டுவதாகவும் சொன்னார்.

மறுநாள் அன்சிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. எமல்டாதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "நீ போய் அவர் சொல்றதைக் கேட்டுட்டு வாடி. ஆஸ்பத்திரிக்கு நான் தூக்கிட்டுப் போறேன். வந்து எனக்குச் சொன்னா போதும்."

வனவர் ஒரு மரத்தின் பட்டையை இடுப்புயரத்திலிருந்து வேர்வரை சுற்றிலும் உரித்துக் காட்டினார். "இதை அறுக்கவே கூடாது. அறுத்தால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். உரித்து விட்டால் நின்ற இடத்திலேயே காயும். வராதவங்களுக்கும் சொல்லிடும்மா" என்றார். ஜெசிந்தா தலையாட்டினாள்.

சொல்லத்தான் வீட்டுக்கு வந்தாள். எமல்டாவின் தோளில் அன்சி தூங்கிக்கொண்டிருந்தது. பெற்றவள் கையில் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை. எமல்டாவுக்குக் குழந்தை இல்லை. ஆனால் அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டால்தான் இந்தக் குழந்தை அடங்கும். முதன்முதலில் 'ம்மா' என்றதும் அவள் முகத்தைப் பார்த்துத்தான். ஜெசிந்தா மகளை வாங்கினாள். குழந்தை விழித்து வீறிட்டு எமல்டா பக்கமே சாய்ந்தது.

"அவர் என்ன சொன்னாரு?" என்றாள் எமல்டா.

"என்னத்தச் சொன்னாரு... மரத்தை ஒழிக்கணும்னாரு."

எமல்டா திடகாத்திரமானவள். ரம்பத்தை எடுத்தாள். மாதம் முடிவதற்குள் அவள் துண்டு வெட்டவெளியாகிவிட்டது. அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் நின்று பாராட்டினார்கள். ஜெசிந்தாவோ அரிவாளோடு பட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மரத்துக்குப் பாவாடை அவுத்துக்கிட்டு இருக்க? அறுக்கத் தெம்பு இல்லன்னா சொல்லு, நான் வர்றேன்!"

"என்னால முடிஞ்சது இதுதான், அக்கா" என்று சிரித்தாள் ஜெசிந்தா. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மழை இறங்கியது. எமல்டாவின் ஒவ்வொரு அடிமரத்திலிருந்தும் கொத்துக் கொத்தாய்த் துளிர் வந்தது. அறுத்தாள், இன்னும் அடர்ந்தது. அடுத்த மழைக்குள் ஆள் மறையும் புதராகிவிட்டது. ஓடைக்கு அப்பால் ஜெசிந்தாவின் மரங்களில் இலையெல்லாம் கொட்டி, கிளைகள் வெறுமையாக நின்றன.

பார்க்கப் பார்க்க எமல்டாவுக்கு வயிறு எரிந்தது. பிள்ளையும் அவளுக்கு, வீடும் அவளுக்கா? அறுத்ததால்தானே எனக்குத் துளிர்த்தது, அவளுக்கும் துளிர்க்கட்டும். ஜெசிந்தா குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்த பகலில், எமல்டா ரம்பத்தோடு ஓடையைத் தாண்டினாள். அத்தனை மரத்தையும் சாய்த்தாள்.

ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. வேர் எப்போதோ செத்திருந்தது.

மழை விட்டது, வனவர் வந்தார். எமல்டாவின் புதரைப் பார்த்துத் திகைத்தார். "அறுக்கக் கூடாதுன்னு சொன்னேனே?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"ஜெசிந்தாகிட்ட சொல்லி அனுப்பினேனே."

எமல்டா மெதுவாகத் திரும்பினாள். "அன்னிக்கு நான் எங்கடி இருந்தேன்? யாரு பிள்ளையைத் தூக்கிட்டு இருந்தேன்?"

"என் மரத்தை ரம்பத்தால அறுத்தது யாரு? அதைச் சொல்லுங்கக்கா முதல்ல!"

அன்சி தரையில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. வனவரின் கையில் சாவி.

சொல்லுங்கள். சொல்லாமல் மறைத்தவள் ஒருத்தி, கெடுக்கவென்றே அறுத்தவள் ஒருத்தி. யார் செய்த தப்பு பெரிது? சாவி யாருக்கு?

விடை:

சாவி எமல்டாவுக்கு. அவள் கெடுக்க நினைத்தாள், ஆனால் அவள் ரம்பம் செத்த மரத்தில்தான் விழுந்தது. ஜெசிந்தாவின் மௌனமோ ஒரு துண்டுக் காட்டையே மறுபடி முளைக்க வைத்தது. அதுவும் எங்கே? லைன் வீடுகளின் கொல்லையில். இனி அந்தப் புதரில் யானை மறைந்து நிற்கப்போவது அவள் கட்டிய தார்ப்பாய்க்குப் பின்னால்தான். மழை விட்டபோது ஜெசிந்தாவின் துண்டில் மரங்கள் செத்திருந்தது உண்மை. ஆனால் அதற்கான வழியை அவள் கேட்டறிந்த நேரத்தில் அவள் குழந்தையைச் சுமந்தவள் தோற்றால், அந்த வெற்றி அவளுடையது ஆகாது. அப்படியானால் அன்சி? அகழிக்கு உள்ளே போகத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு ஜெசிந்தா அந்தக் கதவைத் தட்டி, "அக்கா, இவளை இங்கே படுக்க வச்சுக்கறீங்களா?" என்று தன் வாயால் கேட்க வேண்டும். கதவு திறக்கும். குழந்தை தாவிப் போய் அந்தப் பின்னலைப் பிடித்துக்கொள்ளும். ஜெசிந்தா அதை நின்று பார்க்க வேண்டும்.